காலி மாதம் இல்லாத குழித்துறைத் தோட்டம்

கோதையாறும் பறளியாறும் கூடி, தாமிரபரணி என்ற பெயரோடு குழித்துறை வழியாக ஓடி, தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலில் சேர்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை இந்த ஆறு செம்மண் நிறத்தில் பெருகும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையின் தண்ணீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் தண்ணீர் வரும். மழை வலுத்தால் குழித்துறை சப்பாத்துப் பாலம் மூழ்கி, போக்குவரத்து நிற்கும்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒரு மழையை நம்பிப் பிழைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டும் உண்டு. மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை 900 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க, இந்த மாவட்டத்தின் சராசரி 1,400 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. குழித்துறையின் வீட்டுத்தோட்டம் இந்த இரண்டு மழைக்கு நடுவில் கட்டப்பட்டது.

நாஞ்சில் நாடு என்றதும் நெல்வயல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். மேற்கே விளவங்கோடு பக்கம் வந்தால் நிலம் மேடும் சரிவுமாக மாறிவிடும். வெட்டுக்கல் கலந்த செம்மண், தண்ணீர் நிற்காது. இந்த மேட்டு நிலத்துக்கு 'விளை' என்று பெயர். 'விளை' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் மாவட்டம் முழுவதும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி என்பதால், மரவள்ளி இங்கே மரச்சீனி, மிளகு நல்லமிளகு, பலாப்பழம் சக்கை, நேந்திரன் வாழை ஏத்தன்.

இங்கே வீடும் தோட்டமும் வேறு வேறு அல்ல. வீட்டைச் சுற்றிய 20, 30 சென்ட்டில் உச்சியில் தென்னை, அதற்குக் கீழே பலாவும் கமுகும், அவற்றில் ஏறிய நல்லமிளகுக் கொடி, இடையில் வாழை, தரையில் சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள் என்று அடுக்கடுக்காக நிற்கும். இலங்கையில் கண்டிப் பகுதியிலும், இந்தோனேசியாவின் சாவகத் தீவிலும் இதே அமைப்பைக் காணலாம். மழையும் சரிவும் மக்கள் நெருக்கமும் உள்ள இடங்களில் மனிதர்கள் தனித்தனியே கண்டுகொண்ட வழி இது. இதில் எந்தப் பயிரும் தனியாக ஒருவரைப் பணக்காரர் ஆக்காது. ஆனால், எந்த மாதமும் அடுக்களை வெறுமையாக இருக்காது. அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை மாதவாரியாகப் பார்க்கலாம்.

ஆடி: கன்று வாங்கும் மாதம்

நாட்காட்டியில் ஆண்டு சித்திரையில் பிறக்கும். குழித்துறைத் தோட்டத்துக்கு ஆடி அமாவாசையில் பிறக்கும் என்று சொன்னாலும் தவறில்லை. அன்று ஆற்றில் நீராடி, முன்னோருக்குப் பலி கொடுப்பது இப்பகுதியின் பழைய வழக்கம். வாவு என்றால் அமாவாசை. அதையொட்டி நகராட்சி நடத்துவதுதான் வாவுபலி பொருட்காட்சி. ராட்டினமும் மிட்டாய்க் கடையும் ஒரு பக்கம் இருக்க, கூட்டத்தில் பாதி செடிக்கடைகளின் முன்னால்தான் நிற்கும். மா, பலா, தென்னை, கொய்யா, ரம்புட்டான், மங்குஸ்தான், நல்லமிளகு, ரோஜா என்று கன்றுகள் வரிசைகட்டி இருக்கும்.

"அண்ணே, இது ஒட்டா, விதைக் கன்னா?"

"ஒட்டுதான் அக்கா. மூணு வருசத்துல காய்க்கும்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னிய."

இந்தப் பேச்சு ஆண்டுதோறும் கேட்கும் பேச்சு. கன்று விற்க ஆடி பொருத்தமான மாதம்தான். நட்ட கன்று வேர் பிடிக்கும் வரை மண்ணில் ஈரம் இருக்கும். அடுத்த மழையும் இரண்டு மாதத்தில் வந்துவிடும். இருந்தும் பல கன்றுகள் தையைத் தாண்டுவதில்லை. காரணங்கள் எளியவை. உயரமான கன்றைத் தேடி வாங்குகிறார்கள். அதன் வேர் பைக்குள்ளேயே சுருண்டு போயிருக்கும். நடுத்தர உயரமும் தடித்த தண்டும் உள்ள கன்றே நல்லது. ஒட்டுக் கன்றில் ஒட்டுப்போட்ட இடம் தெளிவாகத் தெரிய வேண்டும்; நடும்போது அது மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே கிளம்பும் துளிர்களை உடனே கிள்ளிவிட வேண்டும். வாங்கி வந்ததும் ஒரு வாரம் வீட்டு நிழலில் வைத்திருந்து, பிறகு பையைக் கிழித்து நட வேண்டும். பையோடு நட்ட கன்று வளராது.

ஆவணி, புரட்டாசி: வெட்டும் காலம், நடும் காலம்

ஆவணியில் ஓணம் வருகிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் ஏத்தன் குலைக்கும் சிப்ஸுக்கும் கேட்பு ஏறும் நேரம் இது. ஏத்தன் வெட்டுக்கு வர 10, 11 மாதம் ஆகும். ஆகவே ஓணத்துக்குக் குலை வேண்டுமென்றால், முந்தைய புரட்டாசி, ஐப்பசியிலேயே கன்று மண்ணில் இருக்க வேண்டும். குலை வெட்டிய கையோடு நல்ல பக்கக்கன்றைப் பிரித்து அடுத்த ஆண்டுக்கு நட்டுவிடுவது விவரம் தெரிந்தவர்களின் பழக்கம்.

வீட்டுக்கென்று மட்டி வாழை ஒரு மூட்டாவது இருக்கும். சிறிய பழம், நல்ல மணம். குழந்தைகளுக்கு முதன்முதலில் கொடுக்கும் பழமும் இதுதான். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிவந்த தோலுள்ள செந்துளுவனும் இந்தத் தோட்டங்களின் பழைய குடிதான்.

சிறுகிழங்குக் கொடியை நுனி கிள்ளி நடுவதும் ஆவணியில்தான். இப்போது விட்டால் பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்காது.

ஐப்பசி, கார்த்திகை: காற்றுக்கு அஞ்சும் மாதங்கள்

வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது புதிதாக நடுவதைவிட, நட்டதைக் காப்பதே பெரிய வேலை. நல்லமிளகுக் கொடியின் அடியில் தண்ணீர் நின்றால் வாடல் நோய் வரும். விரைவிலேயே கொடி கருகிவிடும். வடிகால் வெட்டுவதும், ஒரு சத போர்டோ கலவை தெளிப்பதும், தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா இடுவதும் மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை. இளந்தென்னையில் குருத்து அழுகுகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டிய மாதமும் இதுவே.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியது. ரப்பர், தென்னை, வாழை, பலா என்று மரங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரே பயிரை மட்டும் வைத்திருந்தவர்களின் ஆண்டு வருமானம் ஒரே நாளில் தரையில் கிடந்தது. பலவகைத் தோட்டமும் புயலுக்குத் தப்பவில்லை. ஆனால், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் காற்றால் பிடுங்க முடியாது. நெடிய மரம் சாய்ந்த இடத்தில் வெயில் விழும். அங்கே அடுத்த மாதமே ஏதாவது ஒன்றை நட முடியும். பலவகைத் தோட்டம் நட்டத்தைப் பங்குபோட்டுக் கொள்கிறது. அதற்கு மேல் அதிசயம் எதுவும் அதில் இல்லை.

மார்கழி, தை: தோண்டும் காலம்

மழை ஓய்ந்ததும் மண்வெட்டிக்கு வேலை. சேனை, காய்ச்சில், சேம்பு, சிறுகிழங்கு எல்லாம் வெளியே வரும். நல்லமிளகுச் சரத்தில் ஓரிரு மணிகள் சிவந்ததும் பறித்து, உதிர்த்து, பாயில் காயவைப்பார்கள். தென்னைக்குப் பாதி உரத்தை ஆனி, ஆடியிலும் மீதியை மார்கழி, தையிலும் இடுவது நல்லது. காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது பொதுவான அளவு. தொழுவுரம் முழுவதையும் மழைக்காலத்தில் ஒரே தடவையாக இடலாம்.

மாசி, பங்குனி: தேனும் சேனையும்

தையில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். மாசி, பங்குனியில் புதிய இலை வரும்போது அதன் காம்பில் இனிப்புநீர் சுரக்கும். மார்த்தாண்டம் தேனின் பெரும்பகுதி அதிலிருந்து கிடைப்பதுதான். மார்த்தாண்டத்தில் 1924-ல் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம், பெட்டியில் தேனீ வளர்ப்பதை இந்த வட்டாரத்துக்குக் கற்றுக்கொடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்தது. அதிலிருந்து மீண்ட தொழில் இது. மார்த்தாண்டம் தேனும் இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

தேனீயிடம் ஒரு பாடம் உண்டு. ரப்பர் அதற்கு இரண்டு, மூன்று மாதம்தான் சாப்பாடு போடும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைத்தால்தான் குடும்பம் பிழைக்கும். தென்னம்பாளையும் கமுகம்பாளையும் வாழைப்பூவும் முருங்கைப்பூவும் உள்ள வீட்டில் அந்தச் சுமை கொஞ்சம் குறையும்.

சேனை நடுவதும் மாசியில்தான். கும்ப மாதத்தில் நட்ட சேனை குடமளவு வரும் என்று மலையாளக் கரையில் ஒரு சொல் உண்டு. கும்பம் என்பது நமது மாசி. கோடையில் கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். முதல் மழை விழுந்ததும் முளைவிடும். இந்த மாதங்களில் தென்னையடியில் மட்டையும் சருகும் போட்டு மூடுவதும், அடுக்களைத் தண்ணீரை வாழை மூட்டுக்குத் திருப்புவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. தோட்டத்தில் எந்த மூலையில் எது காய்கிறது என்ற கணக்கும் அவர்களிடமே இருக்கும்.

சித்திரை முதல் ஆனி வரை: சக்கையும் மரச்சீனியும்

சித்திரை, வைகாசியில் சக்கை பழுக்கும். பிஞ்சு கறியாகும், காய் அவியலாகும், பழம் வரட்டியாகும், கொட்டையும் கூட்டில் சேரும். கோடை மழை விழுந்ததும் மரச்சீனித் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி நடுவார்கள். இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் காட்டிய செடியின் தண்டை நட்டால் தேமல் நோய் அடுத்த பயிருக்கும் தொடரும். ஆகையால் தண்டை அறுவடைக்குப் பிறகு அல்ல, செடியில் இலை இருக்கும்போதே பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இந்தக் கிழங்கை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில், 1942-ல் பர்மா அரிசி நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளைத் தாங்கியது மரச்சீனிதான். வீட்டைச் சுற்றி நின்ற பயிர் ஊரின் பசியைத் தணித்த காலம் அது.

ஆனியில் திருவாதிரை ஞாற்றுவேலை. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இந்த இரண்டு வாரம் நல்லமிளகுக் கொடி நட ஏற்றது. தாங்குமரத்தின் வடக்குப் பக்கம், ஓர் அடி தள்ளி நட்டால் நேர் வெயில் கொடியை அவ்வளவாகத் தாக்காது.

ரப்பர் விலையும் மனை விலையும்

இத்தனை வரவு உள்ள தோட்டங்கள் ஏன் குறைகின்றன? முதல் காரணம் ரப்பர். விலை ஏறிய ஆண்டுகளில் பலரும் விளையை வெட்டி, ரப்பர் மட்டும் வைத்தார்கள். 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய விலை, 2016-ல் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. பால் வெட்டும் கூலிகூடக் கட்டவில்லை என்று மரத்தைச் சும்மா விட்டவர்கள் உண்டு. விலை இறங்கிய அந்த நாள்களில் அவர்கள் சக்கையையும் மரச்சீனியையும் சந்தையில் காசு கொடுத்து வாங்கினார்கள். ரப்பர் கெட்ட பயிர் அல்ல. அதற்காக வீட்டடித் தோட்டத்தையும் கொடுத்ததுதான் நட்டம்.

இரண்டாவது காரணம் பாகம். 30 சென்ட் மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தால் ஆளுக்கு 10 சென்ட். அதில் வீடும் வண்டி நிறுத்தும் இடமும் போக மிஞ்சுவது 3, 4 சென்ட். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் அதிலும் சிமெண்ட் கல் பதித்துவிடுகிறார்கள். மழைநீர் மண்ணில் இறங்காமல் தெருவில் ஓடுகிறது; பங்குனியில் கிணறு காய்கிறது.

பன்னிரண்டு கட்டம்

சிறிய இடமே இருப்பவர்களுக்கும் வழி உண்டு. ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதமும் தோட்டத்திலிருந்து அடுக்களைக்கு என்ன வருகிறது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எழுதுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, அந்த மாதத்தில் பலன் தரும் பயிரைத் தேடுங்கள். சித்திரை காலியென்றால் ஒரு பலா. மார்கழி காலியென்றால் ஒரு வரிசைச் சேனை. எல்லா மாதமும் மெலிவாக இருந்தால் முருங்கை, கறிவேப்பிலை, நாலு மூடு வாழை. 3 சென்ட்டில் பெரிய மரம் ஒன்றே போதும். அதில் நல்லமிளகு ஏற்றினால் இன்னொரு பயிருக்குத் தனி இடம் வேண்டாம்.

பழத்தின் படத்தைப் பார்த்து வாங்கிய கன்று, நடும் இடம் தெரியாமல் சுவரோரம் காத்துக் கிடக்கும். மாதத்தைப் பார்த்து வாங்கிய கன்றுக்கு நடுவதற்கு முன்பே இடம் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குத் தண்ணீர் ஊற்றவும் வீட்டில் ஒருவர் இருப்பார்.