அழுகையை அறிகின்றவள்

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் நான் இன்றைக்கும் கிணற்றுக்கட்டின் பின்னால் போய்க் குந்திவிடுவேன். அறுபது வயதில் இப்படிக் குந்துவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் 2009இற்குப் பிறகு பிறந்தவர்கள். சிரிக்கட்டும்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என் மூத்த மகனைத் தவறவிட்டேன். தவறவிட்டேன் என்றுதான் எழுத முடிகிறது. இறந்துவிட்டான் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. இருக்கிறான் என்று எழுதவும் இல்லை. முகாமில் இருந்து ஊர் திரும்பிய பின்னர் உறவினர் பலர் வந்து ஆறுதல் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் நன்றாகப் படித்த பெரியவர். “ஆன்மாவுக்குச் சாவில்லைப் பிள்ளை. எல்லாம் ஒண்டுதான். நீ அழுறது அறியாமை” என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அன்றோடு என் அழுகை நின்றுவிட்டது. வெட்கத்தினால் நின்றது. இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் கல் வைத்தது போல இருந்தது. சோறு இறங்காது, நித்திரை வராது. இளைய மகள் “அம்மா” என்று கூப்பிட்டாலே எரிந்து விழுவேன்.

அவள்தான் என்னை உளவளத்துணையாளர் ஒருவரிடம் கூட்டிச் சென்றாள். என்னைவிட வயதில் குறைந்த பெண். அவரும் இடம்பெயர்ந்து அலைந்தவர். முதல் மாதங்களில் அவர் கடவுளைப் பற்றியோ ஆன்மாவைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. மகனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டார். புட்டும் மாம்பழமும் என்று சொல்லத் தொடங்கியவள் முடிக்கவில்லை. “அழுங்கோ அம்மா, நான் இருக்கிறன்” என்றார். அன்று நான் அழுத அழுகை அந்தக் கட்டடம் முழுவதும் கேட்டிருக்கும்.

பிறகு மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார். வயிற்றில் கையை வைத்து, மூச்சை மெதுவாக நீளமாக வெளியே விட வேண்டும். கூடவே எனக்குப் பிடித்த நாமத்தைச் சொல்ல வேண்டும். நான் சிவசிவ என்றேன். யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நீண்டகாலமாக இப்படித்தான் உதவினார் என்றும், சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர் ஒவ்வொருவருக்கும் அவரவர் சமயச் சொல்லையே கொடுத்தார் என்றும் பின்னர் அறிந்தேன்.

ஒரு நாள் நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது இடி இடித்தது. என் கைகால் நடுங்கின. கண்ணை மூட விடாமல், காலை நிலத்தில் அழுத்தி வைக்கச் சொன்னார். நடுக்கம் கொஞ்சம் குறைந்த பின்னர் கேட்டார்: “பயம் எங்கை இருக்குது அம்மா?”

“நெஞ்சிலை.”

“நெஞ்சு இறுகுறது உங்களுக்குத் தெரியுது தானே. அந்தத் தெரியிறதும் பயப்பிடுதா?”

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெரியவர் மறுபடி வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இறுக்கம் இருந்தது, நடுக்கம் இருந்தது. அவற்றை அறிகின்ற ஒன்றும் இருந்தது, அது நடுங்கவில்லை. எனக்குப் பதுங்குகுழியில் கொளுத்திய குப்பி விளக்கு ஞாபகம் வந்தது. அழுகிறவர் மேலும் நித்திரை கொள்கிறவர் மேலும் அதன் வெளிச்சம் ஒரேமாதிரித்தான் விழும்.

இந்தக் கேள்வி புதிதல்ல என்று அவர் சொன்னார். திருவண்ணாமலை ரமண மகரிஷி (1879–1950) தம்மிடம் வந்தவர்களை ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்னதும் இதைத்தானாம். மேல்நாட்டு உளவளத்துணையாளர் சிலரும் இப்போது இதைக் கையாளுகிறார்களாம். ஆனால் 1980களிலேயே ஜோன் வெல்வூட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் எச்சரிக்கையும் விட்டிருக்கிறார். மனக்காயத்தைத் தொடப் பயந்து, ஆன்மிகத்தால் அதைச் சுற்றிக் கடந்து போகப் பார்க்கிறோம் என்பதே அது. எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கேட்டபோதே பாதிப் பாரம் இறங்கியது.

பள்ளிக்கூடத்தில் சைவசமயப் பாடத்தில் படித்ததும் அப்போதுதான் விளங்கியது. அத்துவிதம் என்றால் ‘ஒன்று’ என்று மெய்கண்டார் பொருள் கொள்ளவில்லை. இரண்டாகப் பிரிந்து நில்லாமை என்றே கொண்டார். உயிர் இல்லாமற் போவதில்லை. சோதனைக்குப் பாடமாக்கி மறந்துபோன விஷயம். என் துக்கமும் இல்லாமற் போக வேண்டியதில்லை என்று நானாக அதை எடுத்துக்கொண்டேன். பண்டிதர்கள் பிழை பிடிப்பார்களோ தெரியாது.

சகோதரிகளே, இதை வாசித்துவிட்டு யாரும் தனியே கண்ணை மூடி இருந்து துன்பப்பட வேண்டாம். எனக்கே ஏழெட்டு மாதம் அழுத பிறகுதான் அந்தக் கேள்வி பயன்பட்டது. நித்திரை அடியோடு போனால், செத்தால் என்ன என்ற எண்ணம் வந்தால், அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நானும் ஒரு வருடம் குளிசை எடுத்தேன். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இப்போது அரிசி இடிக்கும்போதும் மகளோடு கதைக்கும்போதும் கோபம் ஏறுவது எனக்கு முதலே தெரிகிறது. தெரிந்தால் ஒரு மூச்சு விட இடம் கிடைக்கிறது. எல்லா நாளும் கிடைப்பதில்லை. போன கிழமையும் ஒரு சட்டியை எறிந்தேன்.

“மனம் ஆறிவிட்டதென்றால் ஏன் இன்னும் போராட்டத்துக்குப் போகிறாய்?” என்று என் மச்சாள் கேட்பாள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டம் அது. மனம் ஆறுவது வேறு, என் பிள்ளை எங்கே என்று கேட்பது வேறு என்று அவளுக்குச் சொன்னேன். நடுங்காமல் கேட்க முடிகிறது, அவ்வளவுதான்.

அங்கே ஒருநாள் பக்கத்தில் இருந்த தாய் தண்ணீர் குடிக்க எழும்பும்போது, தன் மகனின் படத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வரும்வரை இரண்டு படங்களையும் என் மடியில் வைத்திருந்தேன்.