பொதியிலின் மறுபுறம்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்நகரம் மூன்றே இடங்களால் ஆனது: பணிமனை, பத்மநாபசுவாமி கோயில், தம்பானூர் புகைவண்டி நிலையம். விருந்தினர் வந்தால் கோவளமும் மிருகக்காட்சிசாலையும் இவற்றோடு சேரும். கோடை விடுமுறை வந்ததும் நம்மவர் நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ புறப்பட்டுவிடுவர். விளைவு யாது? இங்கேயே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குத் தாம் நாள்தோறும் பருகும் நீர் எந்த ஆற்றினது என்பது தெரிவதில்லை. ஆதலின், இவ்வூர் மக்கள் தம் சுற்றத்தாரை அழைத்துச் செல்லும் சில இடங்களை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து ஈண்டு எழுதுகிறோம்.

பொதியில் என்றவுடன் பாபநாசமும் தாமிரபரணியும் நம் நினைவுக்கு வரும். அம்மலைக்கு மேற்குப் புறமும் உண்டு. அகத்தியகூடம் என வழங்கும் 1868 மீட்டர் உயரச் சிகரம் இம்மாவட்டத்தின் கிழக்கெல்லையில் நிற்கிறது. கிழக்கே இறங்கும் நீர் தாமிரபரணியாகி நெல்லைச் சீமையை வாழ்விக்கிறது. மேற்கே இறங்கும் நீர் கரமனையாறாகவும் நெய்யாறாகவும் வந்து நம்மை வாழ்விக்கிறது. சிகரம் ஏறுவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். பெண்கள் ஏறுவதற்கு இருந்த தடை 2018-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பால் நீங்கியது. ஆயினும், குழந்தைகளோடும் முதியோரோடும் செல்வோர்க்கு மலையேற்றம் ஏற்றதன்று. அவர்கள் ஆறுகளைப் பின்பற்றிச் செல்லலாம்.

முதலில் அருவிக்கரை. நகரிலிருந்து ஏறக்குறைய 16 கி.மீ. தொலைவு. இங்குதான் கரமனையாற்றைத் தேக்கி நகருக்குக் குடிநீர் எடுக்கின்றனர். 1933-இல் வில்லிங்டன் பிரபுவின் பெயரால் தொடங்கிய இத்திட்டத்துக்குத் துணையாக, 1983-இல் மேலே பேப்பாறை அணை எழுந்தது. ஆற்றங்கரைப் பாறையின்மேல் பகவதி கோயில் ஒன்று உண்டு. அதனருகே ஆற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாக வரும். அடியார்கள் பொரியிட, அவை துள்ளி எழுவதைக் காணக் குழந்தைகளுக்கு நேரம் போவதே தெரியாது. நம் வீட்டுக் குழாயில் வரும் நீரின் பிறந்தகத்தைக் காட்டுவதினும் சிறந்த பாடம் வேறில்லை.

அடுத்தது வெள்ளாயணிக் காயல். நகருக்குத் தெற்கே, கிழக்கேகோட்டையிலிருந்து பேருந்தில் எளிதில் அடையலாம். இப்பகுதிக் காயல்கள் பெரும்பாலும் உவர்நீர் கலந்தவை. இதுவோ நன்னீர் ஏரி. திருவிதாங்கூர் மன்னரின் காயற்கரை அரண்மனையில் 1955-இல் வேளாண்மைக் கல்லூரி தொடங்கப் பெற்றது. தாமரை பறிப்போர் தோணிகளில் விடியற்காலையிலேயே இறங்கிவிடுவர். அம்மலர்கள் கோயில்களுக்குச் செல்கின்றன. ஒரு புறத்தில் உள்ள புஞ்சக்கரி வயல்களில், குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகளும் வந்து தங்கும். காலை ஆறு மணிக்குள் செல்வோர்க்கே இக்காட்சி முழுமையாகக் கிட்டும். இவ்வளவு வளமுடைய ஏரி, நெல் விளைவிக்க நீரை இறைத்து நிலமாக்கிய காலந்தொட்டுச் சுருங்கி வந்துள்ளது. சுற்றுப்புற ஊர்களின் குடிநீரும் இதிலிருந்தே வருவதால், இது கண்ணுக்கு விருந்து மட்டுமன்று, உயிருக்கு ஆதாரமும் ஆகும்.

இனி நெய்யாறு. நெய்யாற்றின்கரையிலிருந்து சிறிது தொலைவில் அருவிப்புறம் உள்ளது. பாறைகளினூடே ஆறு ஒலித்தோடும் அமைதியான இடம். 1888-இல் சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு இவ்வாற்றிலிருந்து எடுத்த கல்லையே சிவலிங்கமாக நிறுவினார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் அவ்வாறு செய்தது அந்நாளில் பெரும் புரட்சி. சாதி சமய வேற்றுமையின்றி மாந்தர் உடன்பிறந்தாராய் வாழ வேண்டும் என்னும் கருத்துடைய வரிகளை அங்கே காணலாம். தமிழருக்கு அவர் அயலாரல்லர். நாகர்கோவிலை அடுத்த மருத்துவாழ்மலையில் தவமிருந்தவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர்.

நெய்யாறு பூவாறில் கடலைச் சேர்கிறது. அலையாத்தி மரங்களினூடே படகில் சென்று, ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் திட்டைக் காணலாம். படகில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடிப்பது நன்று.

இவ்வாற்றின் வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை மாறி, விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. 1958-இல் கட்டிய நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் அவ்வட்டத்து வயல்களுக்கும் நீர் தந்து வந்தது. 2004-இல் அது நின்றது. 2012-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கு அரசுகளுக்கு உரியது. ஆனால் இரு மொழி பேசுவோர்க்கும் நீர் தரும் மலை ஒன்றே என்பதை, இங்கு வாழும் நாம் மற்றெவரினும் நன்கு உணரலாம்.

செல்வோர்க்குச் சில சொற்கள். ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மழை மிகுதி. பாறைகள் வழுக்கும், வெள்ளம் எதிர்பாராது வரும். இரு ஆறுகளிலும் மணல் அள்ளிய குழிகள் ஆழமாக உள்ளன. உள்ளூரார் இறங்க வேண்டா என்று சொல்லும் துறையில் கால் வைக்கலாகாது. கட்டுச்சோறு கொண்டு செல்வோர் இலையையும் நெகிழிப் பையையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருதல் வேண்டும். நாம் எறிவது நம் குடிநீரிலேயே கலக்கும். வழி கேட்கும்போது இரண்டு சொல் மலையாளத்தில் பேசினால், அங்குள்ள சேட்டன்மாரும் அம்மச்சிமாரும் இங்கே எழுதாத இடங்களையும் காட்டித் தருவர்.

தைப்பொங்கலுக்கு இம்மாவட்டத்தில் கேரள அரசு விடுமுறை அளிக்கிறது. பொங்கலிட்ட பின் அம்மாலையை அருவிக்கரையில் கழிக்கலாமே! பொங்கற்பானைக்கு நீர் தந்த ஆற்றின் பெயரை நம் பிள்ளைகள் அங்கே நின்று கற்றுக்கொள்ளட்டும்.