மடியில் கனம்

மாணவி, இளங்கலைப் புள்ளியியல், இரண்டாம் ஆண்டு

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது நம் பாட்டிமார் சொல்லி வைத்த பழமொழி. அவர்கள் மடியில் இருந்தது சுருக்குப் பை. நம் மடியில் இருப்பதோ கணினி. அதை வாங்கப் புறப்பட்ட நாளில் என் மடியில் இருந்த கனம் பணம் அன்று, ஒரு பொய். அந்தக் கதையைத்தான் இம்மலரில் எழுதத் துணிந்தேன். தோழியர் சிரித்துக் கொள்ளலாம். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீட்டில் முன்பே ஒரு மடிக்கணினி உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அண்ணன் பிளஸ் டூ படித்தபோது 2013இல் கிடைத்தது. அன்று எனக்கு வயது ஏழு. மவுஸைப் பிடிக்கவும் தட்டச்சு செய்யவும் அண்ணன்தான் கற்றுக் கொடுத்தார். கூடவே ரோடு ராஷ் என்னும் மோட்டார் சைக்கிள் விளையாட்டையும் கற்றுக் கொடுத்தார். விடுமுறை நாட்களில் ஆளுக்கொரு ஆட்டம் என்று முறை வைத்து ஓட்டுவோம். அப்பாவுக்கு முதுகில் அறுவை ஆன ஆண்டில் அண்ணன் பி.காம். படிப்பைப் பாதியில் விட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனார். பேக்கிங் பிரிவு. அன்று மூடிய மடிக்கணினி அதன்பின் அதிகம் திறக்கப்படவில்லை.

2024இல் நான் இக்கல்லூரியில் சேர்ந்தபோது அதைத் தூசி தட்டிப் பார்த்தேன். அது கண் விழிக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. 2 ஜி.பி. நினைவகத்தை வைத்துக் கொண்டு பாவம், அது என்ன செய்யும்? (கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினி என்ற புதிய அறிவிப்பு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது.) செய்தி அறிந்த அண்ணன் நாற்பதாயிரம் ரூபாய் அனுப்பினார். "நல்லதாப் பாத்து வாங்கிக்க அம்மணி, படிப்புக்குக் கொறை வெச்சறாதே" என்றார்.

இங்கேதான் என் உள்ளம் குரங்காயிற்று. கோவையில் ஒரு பெரிய கடையில் நான் கண்டது, கிராஃபிக்ஸ் கார்டு தனியாகப் பொருத்திய, விளையாட்டுக்கென்றே செய்த மடிக்கணினி. விசைப்பலகையில் செந்நிற ஒளி. ஆர்.டி.எக்ஸ். 3050 என்று ஒட்டியிருந்தார்கள். விலை 62,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மீதியைத் தவணையில் கட்டலாம், மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் என்றார் விற்பனையாளர். அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் செய்து, கூசாமல் சொன்னேன்: "புள்ளியியலுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வேணுமுங்கண்ணா. டிபார்ட்மெண்ட்லயே சொல்லிட்டாங்க."

அண்ணன் சற்றும் யோசிக்கவில்லை. "படிப்புக்குன்னா வாங்கு. ஒன்றரை ஷிஃப்ட் போறத ரெண்டாக்கிக்கறேன்" என்றார்.

ஒன்றரை ஷிஃப்ட் என்றால் காலை எட்டரை மணிக்கு நின்றவர் இரவு எட்டு, எட்டரைக்குத்தான் உட்காருவார். அதை இரண்டாக்கினால்? புள்ளியியல் படிப்பவளுக்கு இந்தக் கணக்குப் போடத் தாள் தேவையில்லை. நாளை வருகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு உடுமலைப் பேருந்தில் ஏறினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடித்தது. எப்போதும் எண்ணும் காற்றாலைகளை அன்று எண்ணவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் எங்கள் பேராசிரியரை அணுகி, பட்டும் படாமலும் கேட்டேன். "ஆர் மென்பொருளுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு அவசியமா ஐயா?"

"நாம் போடும் கணக்கில் சில நூறு வரிசை இருக்கும். அதற்கு எட்டு ஜி.பி. நினைவகமும், எஸ்.எஸ்.டி.யும், சுமாரான செயலியும் போதும். கார்டு எதற்கம்மா, விளையாடவா?"

நான் தலை குனிந்தேன். அவர் கடிந்து கொள்ளவில்லை. "விளையாட ஆசை இருந்தால் அதையும் தேவைப் பட்டியலில் எழுது. ஒரு மாறியை ஒளித்து வைத்துக் கொண்டு போடும் கணக்கு சரியாக வராது" என்றார். பின் அரைமணி நேரம் செலவழித்து எனக்குப் பல செய்திகளை விளக்கினார். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில், 35 வாட்டில் ஓடுவதும் உண்டு, 80 வாட்டில் ஓடுவதும் உண்டு. வேகம் வெவ்வேறு, ஸ்டிக்கர் மட்டும் ஒன்று. ஐ5 என்பதும் அப்படித்தான்: மெல்லிய கணினிகளில் வரும் 7ஆம் தலைமுறை ஐ5க்கு இரண்டு உட்கருக்கள், 2017இல் வந்த 8ஆம் தலைமுறைக்கு நான்கு. இன்டெல் செயலிகளில் அந்த 8ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடியும் என்பது அப்போதே தெரிந்த செய்தி. பழைய கணினி மலிவாகக் கிடைக்கிறதே என்று 6ஆம், 7ஆம் தலைமுறையை வாங்கியிருந்தால் ஓராண்டில் கையைப் பிசைந்திருப்பேன்.

"நிறுவனங்கள் மூன்றாண்டு பயன்படுத்தி விற்றுவிடும் கணினிகளைப் பார்" என்று முடித்தார்.

அன்று மாலை அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். துறையில் யாரும் கார்டு கேட்கவில்லை, விளையாட எனக்குத்தான் ஆசை என்றேன். மறுமுனையில் சற்று நேரம் தையல் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு சிரிப்பு. "அட, இதுக்கா அம்மணி அழுவறே? ரோடு ராஷ் பழக்கி உட்டதே நாந்தானே. செரி, நீ வாங்கறதுல லாரி ஓட்டற கேம் ஓடுமான்னு கேளு. ரூம்ல ஒரு பையன் போன்ல காட்டுனான்." யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற விளையாட்டைத்தான் அவர் சொன்னார். 2012இல் வெளிவந்தது, பெரிய கார்டு கேட்காதது.

காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடை. மேசை நிறையக் கணினிகளைப் பலாச்சுளை போல் அடுக்கியிருந்தார்கள். நான் தேர்ந்தது டெல் லேட்டிடியூட் 5420. 11ஆம் தலைமுறை ஐ5, 14 அங்குலத் திரை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. முந்தைய கடையில் கண்ட செந்நிற விளக்குக்காரரோ இரண்டு கிலோவுக்கு மேல். அவர் சார்ஜரைச் சுமக்கவே தனிக் கூலி தர வேண்டும்! நாள்தோறும் நெரிசல் பேருந்தில் நின்று வரும் நமக்கு இது சிறிய செய்தி அன்று.

விசைகள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தேன். வெண்திரையில் கரும்புள்ளி தேடினேன். கீல் தளர்ந்திருக்கிறதா, பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பயாஸில் ஒட்டிக் கொண்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். பிறகு கட்டளைத் திரையைத் திறந்து பேட்டரி அறிக்கை எடுத்தேன். புதிதில் கொண்டது 63,000 மில்லிவாட்-மணி. இப்போது கொள்வது 49,000. நூற்றுக்கு எழுபத்தெட்டு. "இதெல்லாம் எங்கீங்கம்மிணி கத்துக்கிட்டீங்க?" என்று கடைக்காரர் வியந்தார். எங்கள் துறையின் மானம் அன்று கோவையில் உயர்ந்தது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டு வாங்கினேன். இந்தச் செயலியுள் இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ், கணினியின் நினைவகத்தையே பங்கு போட்டுக் கொள்வது. ஒரே பட்டையாக நினைவகம் இருந்தால் அது நொண்டும். எட்டும் எட்டுமாக இரு பட்டைகள் இருந்தால்தான் இரு பாதையிலும் தரவு ஓடும். கடையில் இருந்ததோ ஒற்றை எட்டு. இன்னொரு எட்டுக்கு 1,800 ரூபாய் கூடுதல். ஆக 31,300, வரிசை எண் குறித்த ரசீதும் வாங்கிக் கொண்டேன். மீதிப் பணத்தை அண்ணனுக்கே அனுப்பினேன்.

குறை இல்லாமல் இல்லை. திரையின் நிறம் சற்று வெளிறியது. புதிய பெரும் விளையாட்டுகளை அது தொடாது. லாரி ஓட்டினால் விசிறி இரைகிறது. ஆனால் இந்த ஈராண்டுகளில் என் ஆய்வகக் கணக்குகளில் ஒன்றையும் அது தடுக்கவில்லை.

தள்ளுபடியில் விளையாட்டை வாங்கிய பிறகு வந்த முதல் ஞாயிறு, அண்ணன் வீட்டுக்கு வந்தார். எந்த ஊரிலிருந்து புறப்படலாம் என்று கேட்டேன். பட்டியலைப் பார்த்தவர், "ராட்டர்டாம்" என்றார். "டெய்லி அந்தப் பேர அட்டைப் பெட்டில ஒட்டறேன் அம்மணி. ஊரு எப்படித்தான் இருக்குதுன்னு பாப்பம்."

பார்த்தோம். சாலை அகலம், மழை, வரிசையாகக் கண்டெய்னர் லாரிகள். அண்ணன் நம்மூர் வழக்கப்படி இடப்பக்கம் ஏறினார். எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கடித்து ஒலி எழுப்பினார்கள். "வலது பக்கமுங்கண்ணா, வலது பக்கம்!" என்று நான் கத்தினேன்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "அங்கென்ன சத்தம்?"

"அம்மணி படிக்குதும்மா" என்றார் அண்ணன், லாரியைப் பின்னுக்கு எடுத்தபடி.