மூன்று தவணை வீரன்

சென்ற மாதம் வடமராட்சியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதியின் பாடசாலை விளையாட்டுச் செய்திகளை நான் எழுதிவந்த காலத்தில், அவற்றில் அடிக்கடி இடம்பெற்ற மாணவர் பேசினார். இன்று அவருக்கு வயது எழுபது.

“அண்ணை, நான் விளையாடினனான் எண்டு பேத்தி நம்புறாளில்லை. அந்த நாளையப் பேப்பர் ஏதும் வைச்சிருக்கிறியளோ?”

என்னிடம் எதுவும் இல்லை. ஒட்டி வைத்திருந்த நறுக்குகள் யாவும், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது வீட்டோடு நின்றுவிட்டன. அவருடைய சான்றிதழ்களும் கிண்ணங்களும் அதற்கு முன்னரே, 1987 இல் வடமராட்சியில் நடந்த படை நடவடிக்கையின்போது போயின.

சிறிய ஊர்ப் பாடசாலைகளில் ஆட்டத்துக்கு ஓர் அணி என்ற வசதி இருக்கவில்லை. முதலாம் தவணையில் துடுப்பாட்டமும் மெய்வல்லுனர் போட்டியும், அடுத்து உதைபந்தாட்டம். ஏறத்தாழ அதே பதினொருவரே எல்லாவற்றுக்கும். இவர் காலையில் உயரம் பாய்வார்; மாலையில் அஞ்சல் ஓட்டத்தின் கடைசிக் கோலை வாங்கி ஓடுவார். ஒருமுறை கோல்காப்பாளர் காயமுற, முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த இவரே கோல் காக்கப் போய் நின்றார்.

அவருக்கு ஓர் ஆதர்சம் இருந்தது. யாழ். மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றி, 1958 இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது. மணற்குழியில் விழுந்தெழும்பிய எங்கள் பையன்களுக்கு அந்தப் பெயர்தான் பயிற்றுநர்.

எதிர்வீரசிங்கத்துக்குக் கலிபோர்னியாவில் பல்கலைக்கழகக் கல்வி வாய்த்தது. இவர் முன்னால் நின்றதோ உயர்தரப் பரீட்சை. தரப்படுத்தல் வந்தபின் ஒவ்வொரு புள்ளிக்கும் பெற்றோர் அஞ்சிய காலம். தகப்பனார் சப்பாத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பத்தொன்பது வயதில் விளையாட்டு முடிந்தது. பல்கலைக்கழகமும் கிடைக்கவில்லை.

அவருடைய கடைசி ஆட்டம் 1974 இல் நடந்தது. சப்பாத்தின் அடி கழன்றுவிட, ஒற்றைச் சப்பாத்துடன் ஓடி வெற்றிக் கோலைப் போட்டார். நான் செய்தி எழுதினேன். இடம் போதாதபோது செய்தியைக் கீழிருந்து வெட்டுவது பத்திரிகை வழக்கம். விருந்தினர் பெயர்களை மேலேயும் அவர் பெயரைக் கீழேயும் வைத்திருந்தேன். அச்சில் விருந்தினர்கள் மட்டுமே வந்தார்கள்.

அவர் அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

விளம்பரம் அவருக்குப் பிடிக்காது என்பதால் பெயரை இங்கும் எழுதவில்லை. பேத்திக்குத் தெரிந்தால் போதும். பிள்ளை, உன் அம்மப்பா விளையாடினார். எல்லைக்கோட்டின் அருகே நின்று நான் பார்த்தேன்.