நடவு முடியுறவரைக்கும் பால்வாடி

புதுக்கோட்டைப் பக்கம் எங்க ஊர்ல அங்கன்வாடின்னு யாரும் சொல்றதில்லை, பால்வாடிதான்.

போன சம்பா நடவுக்கு எங்க வயலில் பத்துப் பெண்கள். காலையில் ஏழு மணிக்கே இறங்கியாச்சு. பால்வாடி திறக்க நேரம் இருந்ததால், ஒரு அக்கா தன் மூணு வயசு மகளைக் கூட்டி வந்து வரப்பில் உட்கார வைத்தார். நாற்று முடியைப் போட்டுவிட்டு நிமிர்கிறேன், பிள்ளை கிணற்று மேட்டில் நிற்கிறது! ஓடிப்போய்த் தூக்கினேன். பயந்துபோன அக்கா பிள்ளையோட வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. நான் அரைநாள் கூலிதான் கொடுத்தேன். இன்னும் உறுத்துது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினப்போ பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சோறு வந்தது. 2019-ல் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தது. சோறு வந்தாச்சு, படிப்பும் வந்தாச்சு. நேரம்தான் இன்னும் அம்மாக்களோட வேலை நேரத்துக்கு வரலை.

உங்க ஊர்ல ஆபீஸ் முடியுறவரைக்கும் டே கேர் இருக்கு. எங்களுக்கு வரப்புதான். இருக்கிற டீச்சர் தலையிலேயே கட்டாமல், கூடுதலா ஆள் போட்டு, காலை ஏழு முதல் பொழுது சாயுறவரைக்கும் பால்வாடி திறந்திருக்கணும். கேட்கிறது அவ்வளவுதாங்க.