அமுக்கினால் நீர் குடிக்கும் மண்

மண் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். தளத்தில் மூத்த பொறியாளர் ஒருவர் ஈர மண்ணைக் கொஞ்சம் என் உள்ளங்கையில் வைத்து, மறு கையால் தட்டச் சொன்னார். தட்டத் தட்ட மேலே நீர் மினுங்கியது. “இப்ப அமுக்குங்க தம்பி” என்றார். அமுக்கினேன். நீர் காணாமல் போய், மண் மங்கலாகிவிட்டது. “சில்ட்டுதான். களிமண்ணா இருந்தா இப்படி ஆகாது” என்று எழுதிக்கொண்டு நகர்ந்தார். படிவத்தில் அதன் பெயர் டைலட்டன்சி சோதனை.

ஈரத்துணியைப் பிழிந்தால் நீர் சொட்டும். இந்த மண் மட்டும் ஏன் பிழியும்போது குடிக்கிறது? அவருக்கும் தெரியவில்லை. வேலைக்குப் பெயர் தெரிந்தால் போதும் என்று நானும் பல வருடம் விட்டுவிட்டேன்.

பின்னால் அந்தச் சொல்லின் வேரைத் தேடினேன். முதலில் கிடைத்தவர் பீட்டர் ரோ. மணல் எவ்வளவு விரிகிறது, அதனால் அதன் தாங்குதிறன் எவ்வளவு கூடுகிறது என்பதை 1962இல் ஒரு சமன்பாட்டில் பிடித்தவர், மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் 1885. அதே மான்செஸ்டர், அன்றைய ஓவன்ஸ் கல்லூரி. சொல்லை உருவாக்கியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். ஆமாம், குழாயில் ஓடும் நீருக்கு நாமெல்லாம் மனப்பாடம் செய்த ‘ரெனால்ட்ஸ் எண்’காரர்தான்.

அவர் செய்து காட்டியது எளிய வித்தை. மெல்லிய ரப்பர் பையில் மணலும் நீரும். வாயில் ஒரு கண்ணாடிக் குழாய். பையை அமுக்கினால் குழாயில் நீர் ஏற வேண்டும் அல்லவா? இறங்கியது. காரணம் இது: படியில் அரிசியைத் தட்டி அளந்தால் கூடுதலாகப் பிடிக்கும். அப்படித் தட்டி நெருங்கிய மணிகள் இடம் மாற வேண்டுமானால், ஒவ்வொன்றும் பக்கத்து மணியின் மேல் ஏறித்தான் தாண்ட வேண்டும். இடைவெளி பெருகும், அதை நிரப்ப நீர் உள்ளே போகும். ஒரே அளவுக் கோலிக்குண்டுகளை மிக நெருக்கமாக அடுக்கினால் இடத்தில் 74 சதவீதத்தை அடைக்கும். ஒன்றின் தலைக்கு நேர்மேலே ஒன்றாக அடுக்கினால் 52 சதவீதம்தான். என் உள்ளங்கை அன்று செய்ததும் அதுவே. தட்டியபோது மண் நெருங்கி நீரைத் துப்பியது. அமுக்கியபோது உருக்குலைந்து, விரிந்து, குடித்தது.

தேடல் இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ரெனால்ட்ஸுக்கு மணல் மேல் அக்கறையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பிரபஞ்சம் முழுக்க நிரம்பியிருப்பதாக அக்காலத்தவர் நம்பிய ஈதர், இப்படி நெருங்கிய மணிகளால் ஆனதாக இருக்குமோ, ஈர்ப்பு விசைக்கே அதுதான் காரணமோ என்பது அவருடைய கனவு. 1903இல் அதற்கென்றே ஒரு தடித்த நூல் எழுதினார். இரண்டே ஆண்டில், 1905இல், ஐன்ஸ்டைன் ஈதர் தேவையே இல்லை என்றார். கனவு போயிற்று, மணல் நின்றது.

சொல்லும் சும்மா இருக்கவில்லை. சோளமாவுக் கரைசல் மெல்லக் கலக்கினால் ஓடும், ஓங்கிக் குத்தினால் இறுகும். அதற்கும் ‘டைலட்டன்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு இது அரைகுறைப் பொருத்தம். வேகமாக அழுத்தும்போது மாவுத் துகள்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் விலகி, துகளோடு துகள் உரசிப் பிடித்துக்கொள்வதே பெரும்பாலும் காரணம் என்பது இந்த நூற்றாண்டில் வலுப்பெற்ற விளக்கம். விரிவதைவிட உராய்வுக்கே அங்கே வேலை அதிகம்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், அலை இப்போதுதான் விட்டுப்போன இறுகிய மணலில் ஒரு காலை ஊன்றுங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுக்கும். நீர் பிதுங்கி ஓடிவிட்டது என்றுதான் நானும் சிறுவயதில் நினைத்தேன். அது உள்ளே போயிருக்கிறது. காலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், அதே இடத்தில் ஊறி வரும்.