ஜி.பி. ரோடில் அப்பாவின் கேசட் ஸ்டீரியோ

வடமதுரையைத் தாண்டி திண்டுக்கல்லை நெருங்கிக்கொண்டிருந்தோம். வண்டியை நான் ஓட்ட, அப்பா பக்கத்தில். போனிலிருந்த மேப், கார் ஸ்பீக்கர் வழியாக வழி சொல்லிக்கொண்டு வந்தது. "இன்னும் இரண்டு கிலோமீட்டரில்..." என்று ஆரம்பித்த குரல் கரகரவென்று தேய்ந்தது. அடுத்த நொடி காருக்குள் கணீரென்று ஒரு விவசாய நிகழ்ச்சி. கோடை பண்பலை!

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "கோடை எஃப்.எம். கேட்டுடுச்சுன்னா ஊர் வந்துடுச்சுன்னு அர்த்தம்மா" என்றார். எனக்கு அழுகை வராத குறை. வத்தலக்குண்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, மதுரை ரோட்டில் கொடைரோடு வரை போய், நிலக்கோட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. சமைத்து வைத்த சோறு ஆறிக் கிடந்தது. "போன் இருந்தும் வழி தெரியலையா?" என்று அத்தை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

குற்றவாளி, சிகரெட் லைட்டர் துளையில் நான் செருகியிருந்த எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். 500 ரூபாய்க்குள் கிடைத்த சின்ன சாமான். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி காருக்குள்ளேயே ஒலிபரப்பும். காலியாக இருக்கும் அலைவரிசையாகப் பார்த்து ரேடியோவை அதில் வைக்க வேண்டும். சென்னையில் 93.5, 98.3, 101.4, 106.4 எல்லாம் ஏற்கெனவே ஆள் இருக்கும் வீடுகள். எங்கள் காரில் கேட்டவரை 100.5 காலியாக இருந்ததால் அதில் வைத்தேன். கோடை பண்பலையின் அலைவரிசையும் அதே 100.5 என்பது எனக்கு எப்படித் தெரியும்? மலை உச்சியிலிருந்து தென்மாவட்டங்கள் பலவற்றுக்கும் கேட்கும் நிலையம் அது. என் கட்டைவிரல் அளவு டிரான்ஸ்மிட்டர் அதோடு மல்லுக்கட்ட முடியுமா?

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2003-ல் அப்பா வாங்கிய வெள்ளை ஃபோர்டு. மறைமலைநகரில் செய்தது. அந்த கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக 2021-ல் அறிவித்துவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகரைக் கடக்கும்போதெல்லாம் அப்பா கொஞ்ச நேரம் பேச மாட்டார், பிறந்த வீட்டை விற்றவர் அந்தத் தெரு வழியே போவது மாதிரி. 15 வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய், எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்து, 5 வருடம் கழித்து மறுபடியும் புதுப்பித்து வைத்திருக்கும் வண்டி.

அதில் காரோடு வந்த கேசட் ஸ்டீரியோ இருக்கிறது. ஆக்ஸ் துளை, யு.எஸ்.பி. எதுவும் கிடையாது. "கழட்டிப் போட்டுட்டு புதுசு வெச்சுடலாம்பா" என்று நான் சொல்லும்போதெல்லாம், "பாடுற வாயைப் பிடுங்குவியா?" என்பார்.

வத்தலக்குண்டிலிருந்து திரும்பிய வாரம், ஒரு சனிக்கிழமை காலை, இருவரும் ஜி.பி. ரோடுக்குப் போனோம்.

சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்காக: ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கமாகப் பிரியும் தெரு. சீட் கவர், ஹாரன், மேட், ஸ்டீயரிங் உறை, ஸ்பீக்கர் என்று காருக்கு அலங்காரம் செய்யும் கடைகள் வரிசையாக இருக்கும். வண்டியின் வேகத்தைக் குறைத்தாலே போதும், ஒரு பையன் கூடவே ஓடிவந்து, "என்ன மேடம் வேணும்?" என்று கண்ணாடியைத் தட்டுவான். நடைபாதை ஓரத்தில் நிறுத்தி, கதவு நான்கையும் திறந்துபோட்டு அங்கேயே வேலையும் நடக்கும். கல்யாண வீட்டு முற்றம் மாதிரி இருக்கும்.

முதல் கடையில் எங்கள் டேஷ்போர்டை எட்டிப் பார்த்ததுமே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். "கேசட்டா? தூக்கிடலாம் மேடம். ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் வெச்சுடலாம், ரிவர்ஸ் கேமராவும் வந்துடும்." இரண்டாவது கடையிலும் அதே. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய காருக்குப் புது செட் என்பது நல்ல வழிதான். போனில் பேசும் வசதி, மைக் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் யாராவது அப்படி மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: காரோடு வந்த வயர்களை வெட்ட விடாதீர்கள். அதற்கென்று கப்ளர் கிடைக்கும், செருகினால் போதும். வெட்டி டேப் சுற்றினால், பழைய நிலைக்குத் திரும்ப வழியே இருக்காது.

மூன்றாவது கடைக்காரர் கேசட் வடிவ அடாப்டர் ஒன்றை எடுத்து நீட்டினார். கேசட்டைப் போல உள்ளே தள்ளினால், நாடாவுக்குப் பதிலாக ஒரு சின்னக் காந்தச் சுருள் ஸ்டீரியோவின் ஹெட் எதிரே வந்து நிற்கும். நாடா ஓடுகிறது என்று நம்பி ஸ்டீரியோ பாடும். எளிமையான ஏமாற்று வேலை. ஆனால் எங்களுடையது ஆட்டோ ரிவர்ஸ் செட். பத்து விநாடி யோசித்துவிட்டு 'கடக்' என்று திருப்பி, மறுபடி திருப்பி, கடைசியில் அடாப்டரை வெளியே துப்பிவிட்டது.

"அதை ஏமாத்த முடியாது" என்றார் அப்பா, பெருமையாக.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "உள்ள பிரிச்சு சால்டரிங் பண்ணணும் சார். அது இங்க ஆகாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பாய் இருக்காரு."

ரிச்சி தெருவுக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்துவது நடக்கிற காரியம் இல்லை. கடைப் பையனே ஸ்டீரியோவைக் கழற்றித் தந்தான். முகப்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சின்ன ஓட்டைகள் இருக்கும்; அதற்கென்று 'ப' வடிவச் சாவி உண்டு. அவனிடம் இருந்தது சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. வளைத்துச் செருகி இழுத்தான், 20 வருடத் தூசியோடு வந்துவிட்டது. டேஷ்போர்டில் ஏற்பட்ட பள்ளத்தை அப்பா பார்க்கவில்லை.

ஸ்டீரியோவை மஞ்சள் பையில் போட்டு, அண்ணா சாலையைக் கடந்து, கேசினோ தியேட்டர் பக்கமாக நடந்தோம். போன் டிஸ்பிளே, சிசிடிவி கேமரா, பழைய லேப்டாப், வயர் சுருள்கள், அவற்றுக்கு நடுவே மாடிப்படி. மேலே, ஒரு மேஜை அகலமே உள்ள அறையில் பாய். அப்பா வயதுதான் இருக்கும். பையிலிருந்து எடுத்ததும் செட்டைத் தடவிப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்க சார்" என்றார். அதற்கப்புறம் அப்பா அவர் கட்சி.

12 வோல்ட் கரண்ட் கொடுத்ததும், செட் பாடவில்லை. திரையில் 'கோட்' என்று கேட்டது. திருட்டுக்குப் பயந்து அந்தக் காலத்தில் வைத்த பூட்டு. பேட்டரி தொடர்பு போனால் நாலு இலக்க ரகசிய எண் போட வேண்டும். பல தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொண்டுவிடும். நான் மறுபடி ஜி.பி. ரோடுக்கு நடந்து, காரின் கையேட்டை எடுத்து வந்தேன். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் நாலு எண்கள். போட்டோம். தப்பு. இன்னொரு முறை நிதானமாகப் போட்டோம். அதுவும் தப்பு.

செய்த கம்பெனி இங்கே கார் செய்வதை நிறுத்திவிட்டது, வாங்கிய ஷோரூமும் இல்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேங்க் கேஷியராக இருந்தவர். திடீரென்று, "தலைகீழா எழுதியிருப்பேன்மா. கையேட்டையும் சேர்த்துத் திருடிட்டான்னா?" என்றார். பின்னாலிருந்து போட்டோம். பாடியது.

மூடியைத் திறந்து பாய் எனக்குக் காட்டினார். கேசட் ஓடும் பாகத்திலிருந்து பெரிய போர்டுக்கு மெல்லிய வயர்கள் போகின்றன: இடது, வலது, எர்த். பாட்டு அந்த வழியாகத்தான் வருகிறது. அந்த இடத்தில் புளூடூத் போர்டை ஒட்டவைத்தால் ஸ்டீரியோவைப் பொறுத்தவரை கேசட்தான் ஓடுகிறது. போர்டுக்கு வேண்டிய 5 வோல்ட்டை, சாவி திருப்பினால் மட்டும் வரும் லைனிலிருந்து குறைத்துக் கொடுக்க வேண்டும். நேராக பேட்டரி லைனில் கொடுத்தால், நிறுத்திவைத்த வண்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

"ஒரு சிக்கல் இருக்கு" என்றார். "கேசட் உள்ளே ஓடினாத்தான் செட் இந்த லைனைத் திறக்கும். ஒண்ணும் பதியாத கேசட் ஒண்ணு போட்டு வைக்கணும். இருக்கா?"

எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து எடுத்துவந்த துணிப்பையை அப்பா துழாவினார். பளபளத் தாள்கூடப் பிரிக்காத 60 நிமிட கேசட் ஒன்று வந்தது. "ஆத்தா தாலாட்டைப் பதியணும்னு வாங்கினது" என்றார். "அடுத்த லீவுல, அடுத்த லீவுலன்னு..." அதற்குமேல் சொல்லவில்லை. அப்பாவைப் பெற்ற பாட்டியை நான் பார்த்ததே போட்டோவில்தான். தாளை அவரே பிரித்து பாயிடம் கொடுத்தார்.

மாலை நாலு மணிக்குக் காரில் மாட்டினோம். பாட்டு அருமை. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'உய்ய்ய்' என்று ஒரு கொசுச் சத்தம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அதுவும் ஏறியது. ஆல்டர்னேட்டரின் சத்தம் எர்த் வழியாகப் பாட்டுக்குள் நுழைகிறதாம். கூடவே வந்திருந்த பாய் இதை எதிர்பார்த்து, 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்ற தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றை சட்டைப் பையில் வைத்திருந்தார். நடுவில் சேர்த்ததும் கொசு போய்விட்டது. எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். யாராவது போன் செய்தால் அவர்கள் குரல் காரில் கேட்கும். சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுகிறோம்.

போன மாதம் மறுபடி வத்தலக்குண்டு. மணப்பாறை தாண்டியும் கரகரப்பு இல்லை, வடமதுரையிலும் இல்லை. உள்ளே அந்தக் காலி கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் முடியும்போது 'கடக்' என்று திரும்பும் சத்தம் மட்டும் அவ்வப்போது. திண்டுக்கல்லுக்கு முன்னால் அத்தையின் போன். ஓரமாக நிறுத்தினேன்.

"எங்கப்பா வந்துக்கிட்டு இருக்கீங்க? இந்தத் தடவையாச்சும் சோறு சூடா சாப்பிடுவீங்களா?"

நாலு ஸ்பீக்கரிலும் அத்தை. அப்பா பதில் சொல்லவில்லை. குனிந்து, பேஸ் குமிழை மெல்லக் குறைத்தார். "இன்னும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லேன்" என்றார் என்னிடம். "ஆத்தா குரல் அப்படியே இருக்கு."